மொய்ப் பணத்தில் காலேஜ்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, கிள்ளானிலிருந்து வந்த தாய்மாமா, மாமி, காது குத்திக்கொள்ள வேண்டிய என் தங்கை, காலேஜுக்குப் போக வேண்டிய என் தம்பி, காது குத்த வந்த பத்தர், அப்பாவோடு ரயில்வே கிடங்கில் வேலை பார்த்த இரண்டு பேர், தம்பியின் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மளிகைக் கடைக்காரர், பால்காரர், மொய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலோரம் நான். பதின்மூன்று பேர். எல்லாம் முடிந்தபிறகு வந்த பக்கத்து வீட்டு பயர்மேனையும் சேர்த்தால் பதினான்கு. பாசார் சந்தையிலிருந்து அம்மா வாங்கி வைத்திருந்தது நூறு இலை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கோலாலம்பூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் வேலை. பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் ஊர் எழுதி லேபிள் ஒட்டுவேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த வேலை கிடைத்ததே கையெழுத்து நன்றாக இருந்ததால்தான். மொய் எழுத என்னை உட்கார வைத்ததும் அதற்காகத்தான்.

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று யாரும் கேட்டால் படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிடுவேன். அது உண்மை இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் பள்ளிக்கூடச் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இரண்டு பையனுக்கும் கட்ட முடியாது என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த மாசம் கொஞ்சம் இழுபறிதான் என்றுதான் சொன்னார்கள். நான் மூன்று நாள் தூங்காமல் யோசித்து, நாலாம் நாள் இனிமேல் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் சுபாவம் எனக்கு அப்போதே இருந்தது. மழை இருட்டினால் ஆறு பெருகி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டைக்குள் வந்துவிடுமோ என்று பயப்படுவேன். அப்பா வர அரை மணி தாமதமானால் ஷண்டிங் என்ஜின் அவரை இடித்துவிட்டதோ என்று நினைப்பேன். "இவன் வாயைத் திறந்தா கப்பல் கவிழும்" என்பாள் அம்மா.

ஆனால் அந்த வருஷம் நான் வாயைத் திறக்காமலே கவிழ்ந்துகொண்டுதான் இருந்தது. ரப்பர் விலை விழுந்தது. ஈயமும் விழுந்தது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் சரக்கு இல்லையென்றால் ரயிலில் ஏற்ற என்ன இருக்கிறது? ஏற்ற ஒன்றும் இல்லையென்றால் ரயில்வேக்கு இத்தனை ஆள் எதற்கு? எங்கள் குவாட்டர்ஸ் வரிசையில் வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு ஆள்குறைப்பு நோட்டீஸ் வந்தது. அப்பாவுக்கு நோட்டீஸ் வரவில்லை, சம்பளத்தில் வெட்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பிக்குச் சிங்கப்பூரிலிருந்து காலேஜ் கடிதம் வந்தது. முதலில் வந்த கடிதத்தில், இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று போட்டிருந்தது. இரண்டாவது கடிதத்தில், ஓர் இடம் காலியாகியிருக்கிறது, மாசக் கடைசிக்குள் பணம் கட்டினால் சேரலாம் என்று. சம்பளம், விடுதி, முன்பணம் எல்லாம் சேர்த்து நூற்று முப்பது வெள்ளி. நல்ல மார்க் வாங்கும் பையன்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உபகாரச் சம்பளம் இந்த வருஷம் கிடையாது என்று வாத்தியார் முன்பே சொல்லியிருந்தார்.

இடம் எப்படிக் காலியாச்சு என்று அவரிடம் கேட்டேன்.

"யாரோ ஒரு பையன் வீட்டுல பணம் கட்ட முடியல. வேற எப்படி?" என்றார்.

எங்கேயோ, ஈப்போவிலோ பினாங்கிலோ, ஒரு வீட்டில் அந்தப் பையன் உட்கார்ந்திருப்பான். நாமும் கட்டாவிட்டால் அந்த இடம் இன்னும் கீழே இருக்கிற ஒருவனுக்குப் போகும். தம்பியிடம் சொன்னேன். "நீ சொல்லாம இருந்தா நான் சந்தோஷமா இருந்திருப்பேன்" என்றான்.

மாமா கிள்ளானில் துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதுபவர். அவரோடு நானும் தம்பியும் அங்கே ஒரு செட்டியார் கிட்டங்கிக்கு, வட்டிக்குக் கடன் கேட்கப் போனோம். முன்பெல்லாம் ரயில்வே சம்பளக்காரன் என்றால் கையெழுத்து மட்டும் போதும், கடன் கிடைக்கும். பாயில் உட்கார்ந்திருந்த மேலாள் எங்களுக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். கடன் கிடைக்காது என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, தோட்டம் இருக்கு, கடை இருக்கு, வீடு இருக்கு. வாங்கின ஜனம் கட்ட முடியாம எல்லாத்தையும் எங்க தலையில கட்டிட்டுப் போயிருச்சு. வாங்க ஆள் இல்ல. கையில காசுதான் இல்ல" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "காலேஜ் படிப்பை அடமானமா வச்சுக்க எங்களுக்கு இடம் பத்தாது தம்பி" என்று சிரித்தார். கேலி இல்லை அது, வருத்தம்தான். தம்பி மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து மொய் நோட்டை எடுத்தார். அவர் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சடங்கு, யார் வீட்டுப் புதுமனை என்று போட்ட மொய்யெல்லாம் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் விசேஷம் வைத்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. அதனால் போட்டதுதான் அதிகம், வந்தது கொஞ்சம். அப்பா கூட்டிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி வெளியே நின்றது.

"சின்னவளுக்கு ஏழு வயசாச்சு. இன்னும் காது குத்தல. தேதி வச்சிருவோம். பாதி வந்தாப் போதும், இவன் காலேஜுக்குப் போயிருவான்."

அப்பாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. பாங்கியில் மறந்துபோன கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெயர்களில் பலவற்றை நான் அந்த மாதத்தில்தான் எழுதியிருந்தேன். ரவாங்கிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் எங்கள் வரிசையிலிருந்தும் வேலை போனவர்கள் தகரப் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வருவார்கள். நான் லேபிள் ஒட்டுவேன். மேலே பெயர், கீழே நாகப்பட்டினம்.

"அப்பா, இதுல பாதிப் பேர் கப்பல் ஏறிட்டாங்க. மீதிப் பேர் ஏறப் போறாங்க."

"மொய்யைத் திருப்பாம கப்பல் ஏறுற ஜனமாடா நம்ம ஜனம்?"

"கையில இருந்தாத்தானே அப்பா?"

"நீ ஒரு நல்ல காரியத்துலயாவது வாய வைக்காம இருக்கியா?"

வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாக அழைத்தார். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். வருகிறோம் என்றார்கள். எனக்கு மட்டும் அவர்கள் வாங்கிய விதம் பிடிக்கவில்லை. தட்டைப் பார்த்தார்கள், அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நாளை இப்போது நினைத்தாலும் முதலில் வருவது வாசனைதான். பக்கத்து என்ஜின் ஷெட்டின் கரிப்புகைக்கு நடுவே பின்கட்டில் பூசணிக்காய் சாம்பாரும் பாயசமும் கொதித்த வாசனை. மாமா கொண்டுவந்த பன்னீரை மாமி வாசல் தூணுக்குக்கூடத் தெளித்துவிட்டாள். தங்கைக்குப் பச்சைப் பாவாடை. மாமாவின் மடியில் உட்கார வைத்துப் பத்தர் ஊசியை எடுத்ததும், "மாமா, முதல்ல உங்களுக்குக் குத்தச் சொல்லுங்க" என்றாள். "எனக்கு எப்பவோ குத்திட்டாங்கம்மா, உன் மாமிதான்" என்றார் மாமா. இருந்த கொஞ்சம் பேரும் சிரித்தோம். மாமா வாங்கிவந்த தங்கத் தோடு அவள் காதில் ஏறியது. அழுதுகொண்டே கண்ணாடி கேட்டாள்.

நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். மாமா இருபது வெள்ளி. வாத்தியார் ஐந்து. கிடங்குக்காரர்கள் மூன்று மூன்று. மளிகைக் கடைக்காரர் இரண்டு போட்டார். சாமான் வாங்கிய கடன் அவருக்கு நாங்கள் பதினெட்டு வெள்ளி தரவேண்டும், அதனால் பந்தி எப்படி நடக்கிறது என்று பார்க்கவும் வந்திருப்பார். பால்காரர் ஒன்று. ஆக முப்பத்து நான்கு.

வாசலில் யாரும் வரவில்லை. எதிர் வரிசையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அந்த வெயிலில் யாரும் ஜன்னலைச் சாத்தமாட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். மொய் கையில் இல்லாமல் எப்படி வந்து இலையில் உட்காருவது? அப்பா வெற்றிலை வைத்தபோது, போட்டதைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கும். கேட்கவும்தான் போனார். ஆனால் அப்படிக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியாது. அந்த ஜன்னல்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, ஸ்டேஷன்ல வேலை ஏதும் இருக்கா கேட்டுப் பாரு."

அப்போதுதான் பயர்மேன் வந்தார். ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர். உறவு ஒன்றும் இல்லை, சித்தப்பா என்று கூப்பிடுவோம். அவருக்கு நோட்டீஸ் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் கப்பல். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன கணக்கப்பிள்ளை, கடையை மூடிட்டியா?" என்று என் எதிரே குந்தினார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை வைத்தார். "எழுது. பன்னண்டரை வெள்ளி."

"சித்தப்பா, இது எதுக்கு? கப்பலுக்குப் போறீங்க."

"உங்கப்பா என் பொண்ணு சடங்குக்கு அஞ்சு வெள்ளி போட்டாரு. அதை வச்சுக்கிட்டு நான் கடல் தாண்ட முடியாது. மிச்சம் புது மொய்."

"ஏது இவ்வளவு?"

"சைக்கிளை வித்தேன். கப்பல்ல சைக்கிளா ஓட்டப் போறேன்?"

அந்த சைக்கிளை எங்களுக்குத் தெரியும். மழை நாளில் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் தம்பியை முன் கம்பியில் உட்கார வைத்து அவர் மிதித்துக்கொண்டு போவார். ராத்திரி டூட்டி முடிந்து முகமெல்லாம் கரியோடு.

நான் பேனாவை எடுக்கவில்லை. அஞ்சு வெள்ளியைக் கணக்குத் தீர்ந்ததாக எழுதலாம். மிச்சத்தை எப்படி எழுதுவது? புது மொய் என்றால் நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் நாங்கள் திருப்ப வேண்டும். அவர் வீடு எங்கே இருக்கப் போகிறது? "திருப்ப முடியாதே சித்தப்பா. இதை மட்டும் எழுதாம விட்டுரவா?"

அவர் முகம் மாறிவிட்டது. "எழுதாம குடுத்தா அது பிச்சை. நான் உங்கப்பாவுக்குப் பிச்சை போடவா வந்தேன்? நீ பயந்துக்கிட்டு ஸ்கூலை விட்டவன். உன் பயத்தை எல்லாம் என் மொய்யில காட்டாத. எழுது."

நான் ஸ்கூலை விட்ட காரணம் அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை தெரியவில்லை.

மொய் எழுதும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. "ஊர்?" என்றேன்.

"பிரிக்பீல்ட்ஸ்னு எழுது. இந்த ஊர்க்காரன் போட்ட மொய் இது."

எழுதினேன். தம்பி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டான்.

சித்தப்பா இலையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். பாயசம் இரண்டு தரம் கேட்டார். கை கழுவிவிட்டு, அண்டாக்களைப் பார்த்தார். "அண்ணி, இதை எல்லாம் என்ன பண்ணப் போறீங்க? வாளியில ஊத்துங்க. வரிசைக்கு நான் எடுத்துட்டுப் போறேன்."

"அவங்கதான் வரலியே" என்றாள் அம்மா.

"வரலைன்னா பசிக்காதா?"

நானும் அவரும் ஆளுக்கு இரண்டு வாளியாக எடுத்துக்கொண்டு போனோம். சாத்தின கதவைத் தட்டி, "காது குத்துச் சோறு, பாத்திரம் கொண்டா" என்பார். கதவு திறக்கும். பெண்கள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் கிழவர் ஒருவர், "மொய் அரை வெள்ளிதான் இருக்கு, அதை எப்படி எழுதச் சொல்றது?" என்றார். சித்தப்பா என்னைக் காட்டி, "இவன் அரை வெள்ளிய எழுதினா அஞ்சு வெள்ளி மாதிரி இருக்கும். கையெழுத்து அப்படி" என்றார்.

விசேஷச் சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் இருக்க எங்கள் ஜனத்துக்கு வராது. மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் ஸ்டேஷனுக்கே வந்து பார்சல் ஜன்னலில் பணத்தை வைத்து, "நோட்டு இருக்கா?" என்றார்கள். நான் நோட்டையும் கொண்டுபோக ஆரம்பித்தேன். அரை வெள்ளி, ஒரு வெள்ளி, ஒருவர் மூன்று வெள்ளி. முந்நூற்றுப் பன்னிரண்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா, அரை வெள்ளிக்கு எழுந்து நின்று கும்பிட்டார். மூன்று நாளில் நாற்பத்தொன்றரை வெள்ளி சேர்ந்தது. எல்லாம் கூட்டினால் எண்பத்தெட்டு.

தங்கையின் தோடு பதினெட்டு வெள்ளிக்கு அடகுக்குப் போனது. காது தூர்ந்துபோகாமல் இருக்க அம்மா வேப்பங்குச்சி போட்டுவிட்டாள். தம்பி படித்து முடிக்கும்வரை அந்தக் குச்சிதான். இதுதான் இப்போது நாகரிகம் என்று தம்பி சொன்னதை நம்பி, பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறாள்.

இன்னும் இருபத்து நான்கு வெள்ளி வேண்டும். கடைசி நாளுக்கு ஐந்து நாள்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என்னிடம் இருந்தது. அப்பாவுக்கு நோட்டீஸ் வரும் நாளுக்கென்று இரண்டு வருஷமாக ஒரு பிஸ்கோத்து டின்னில் சேர்த்து, கட்டிலுக்கு அடியில் பலகைக்குக் கீழே வைத்திருந்தேன். இருபத்தாறு வெள்ளி. கிட்டங்கியில் மோர் குடித்தபோது இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தபோது இருந்தது. சைக்கிள் பணத்தை எண்ணி வாங்கியபோதும் இருந்தது. அதை எடுத்துவிட்டால் அரிசிக்கு என்ன செய்வது என்றே ஒவ்வொரு தடவையும் யோசித்தேன்.

சித்தப்பா கிளம்பிய நாள் காலை. அவருடைய பெட்டிக்கு லேபிள் நான்தான் ஒட்டினேன். பெயர், நாகப்பட்டினம். துறைமுகம் போகும் ரயில் அது. "நல்லா ஒட்டு, கடல் காத்துல பிஞ்சுக்கும்" என்றார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்ஜினைப் பார்த்து, "எவன்டா அது, கரிய ஈரத்தோட போடுறான், புகையைப் பாரு" என்று திட்டினார். ரயில் கிளம்பிவிட்டது. அன்று சாயங்காலம் டின்னை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எண்ணிப் பார்த்தாள். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. இரண்டு வெள்ளியை எடுத்து என் கையில் திணித்து, "இதை வச்சுக்க. ஒண்ணுமில்லாம இருந்தா உனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

தம்பி காலை மெயில் ரயிலில் சிங்கப்பூருக்குப் போனான். அப்பாவின் ரயில்வே பாஸ், டிக்கெட் செலவில்லை. அவன் பெட்டிக்கும் நான்தான் லேபிள் ஒட்டினேன். சிங்கப்பூர் என்று எழுதும்போது ஈப்போவிலோ பினாங்கிலோ இருந்த அந்தப் பையன் நினைவு வந்தது. இந்தத் தடவை தம்பியிடம் சொல்லவில்லை.

அடுத்தடுத்த வருஷங்களின் பணத்தை எப்படிக் கட்டினோம் என்பது வேறு கதை. கட்டினோம். அப்பாவுக்கு நோட்டீஸ் வரவே இல்லை. நான்தான் தினமும் அதற்காகப் பயந்தேன். ரப்பர் விலை மெல்ல எழுந்தது. தம்பி படித்து முடித்து வந்து கிள்ளானில் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் தங்கையின் தோட்டை மீட்டான். ஆனால் குச்சிக்குப் பழகிய காதில் தோடு தளர்வாகத்தான் நின்றது, விழுந்துவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மொய் நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்த மூன்று நாளில் எழுதிய பெயர்களுக்கெல்லாம், இங்கே இருந்தவர்களுக்கு அவரவர் வீட்டு விசேஷத்தில், பழைய பாக்கியைக் கழிக்காமல், கூடக் கொஞ்சம் வைத்துத் திருப்பிவிட்டோம். ஊருக்குப் போனவர்களில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தவர்களுக்கு மணியார்டர் போனது. அதற்குத்தானே முதலில் ஊரை எழுதுகிறோம்.

உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்ட நான், சித்தப்பாவிடம் அந்தப் பக்கம் எந்த ஊர் என்று கேட்கக் கவலைப்படவில்லை. நோட்டில் எழுதியபோதும் கேட்கவில்லை, பெட்டியில் லேபிள் ஒட்டியபோதும் கேட்கவில்லை. நாகப்பட்டினம் என்பது கப்பல் நிற்கும் இடம், ஊர் இல்லை. தம்பி கல்யாணத்தின்போது அந்தப் பக்கம் போன ஒருவரிடம் விசாரிக்கச் சொன்னோம். மலாயாவில் பயர்மேனாக இருந்தவர் என்றால் நாலு பேரைக் காட்டுகிறார்கள், நாலு பேரும் அவர் இல்லை என்று வந்து சொன்னார். இன்றைக்கும் பிரிக்பீல்ட்ஸில் யாராவது பழைய சைக்கிளைக் கிரீச்சிட மிதித்துக்கொண்டு போனால் வாசலுக்கு வந்து பார்க்கிறேன்.

பக்கம் நாற்பத்தொன்று, கடைசி வரி. பிரிக்பீல்ட்ஸ், பயர்மேன், பன்னிரண்டரை வெள்ளி. அதில் பழைய மொய் ஐந்து கழிந்தது. நாங்கள் இன்னும் திருப்ப வேண்டியது ஏழு வெள்ளி ஐம்பது காசு.